போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் கீசரைப் பராமரிப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு கீசர் ஒருநாள் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டைக் கழற்றினால், கம்பியே தெரியவில்லை. மேலே முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

காரணம் இதுதான். எங்கள் போர்வெல்லில் வருவது போன்ற கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாகி எலிமெண்டில் ஒட்டிக்கொள்ளும். சூடு கூடக்கூடப் படிவும் கூடும்.

முதல் வேலை, தண்ணீரைச் சோதிப்பது. டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது உப்பு, கால்சியம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். கடினத்தன்மைக்கென்று தனியாக, சொட்டுச் சொட்டாக விட்டுச் சோதிக்கும் கிட் இருக்கிறது. சிவப்பு நிறம் நீலமாக மாற எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ண வேண்டும். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை. 200ஐத் தாண்டினாலே கீசருக்குக் கவனிப்பு தேவை என்பது என் கணக்கு.

அடுத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். 75 வேண்டவே வேண்டாம்.

வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறியதும் உள்வரும் வால்வை மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் இருக்கும் வடிகால் வழியாக டாங்கைக் காலி செய்யுங்கள். எலிமெண்டைக் கழற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, எலிமெண்டின் உலோகப் பகுதியை மட்டும் ஊறவையுங்கள். நுரை அடங்கியதும் கழுவலாம். பாத்ரூம் ஆசிட் மட்டும் கூடாது, உலோகத்தையே அரித்துவிடும். கூடவே மக்னீசியம் ஆனோடு கம்பியைப் பாருங்கள். டாங்க் துருப்பிடிக்காமல் காக்க அது தானே கரைகிறது. மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டாங்க் முழுக்க நிரம்பி, குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

அப்புறம், கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்டனர் கருவி. அதிலுள்ள ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புக் கரைசலால் ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் எண்ணூர், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் ஊடுருவிய போர்வெல்லில் கரிப்பும் சேர்ந்தே வரும். கரிப்பை சாஃப்டனர் எடுக்காது. அப்படிப்பட்ட வீட்டில் கீசருக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீர் லைன் கொடுங்கள். சாஃப்டனர் வைத்தால், சோடியம் கூடியிருக்கும் என்பதால் சமையலறைக் குழாயை மட்டும் அதில் சேர்க்காமல் தனியாக விடச் சொல்லுங்கள்.