ஊரடங்குக் காலக் காற்றைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் கல்லூரிப் பிள்ளைகளின் சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட்டுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். கொரோனா ஊரடங்கில் காற்று எப்படி மாறியது என்ற தலைப்போடு இன்னமும் வருடத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள், நான் அன்று செய்த அதே தப்போடு. எழுத்துப்பிழை, அலகு மாறிப்போவது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

புகை குறைந்தால் கரியமில வாயுவும் குறையும் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். ஊரடங்கு தளர்ந்தபின் ஒரு கண்காட்சிக்குப் பன்னிரண்டு ஃப்ளெக்ஸ் அடித்தேன். அத்தனையிலும் கொட்டை எழுத்தில் "காற்றில் கரியமில வாயு 17 சதவீதம் குறைந்தது". ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, "தம்பி, குறைஞ்சது காத்துல இருந்ததா, நாம விட்டதா?" என்று கேட்டார். பதில் இல்லை. அன்று ராத்திரியே எல்லாவற்றையும் கழற்றி, கைக்காசு போட்டு மறுபடி அடித்தேன்.

நாம விட்டதுதான் குறைந்தது. அதுவும் உலகம் முழுவதையும் சேர்த்து, 2020 ஏப்ரல் தொடக்கத்தில், 2019-இன் சராசரி நாளோடு ஒப்பிட்டால். காற்றில் இருப்பதோ ஏறியது: ஹவாயின் மவுனா லோவா ஆய்வகத்தில் 2019 மே மாதம் பத்து லட்சத்துக்கு சுமார் 415 பங்கு, 2020 மே மாதம் சுமார் 417. வீராணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடவாற்றில் வரும் தண்ணீர் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலும், மதகு வழியாக வெளியே போவது வழக்கமான வரத்தில் பாதிதான் என்றால் ஏரி ஏறத்தானே செய்யும்? கடலும் காடும் நாம் விடுவதில் ஏறக்குறைய பாதியைத்தான் இழுத்துக்கொள்கின்றன, மிச்சம் நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே கிடக்கும். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படியல்ல, சில மணி நேரத்தில் கரைந்துவிடும், அதனால்தான் ரோடு காலியானதும் அது சட்டென்று இறங்கியது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

17 சதவீதத்தை வருடக் கணக்காக எழுதுவது

2020 முழுவதற்கும் சரிவு சுமார் 5 சதவீதம். 2021-லேயே பெரும்பாலும் பழையபடி ஏறிவிட்டது.

பிப்ரவரியோடு ஏப்ரலை ஒப்பிடுவது

ஊரடங்கு 2020 மார்ச் 25-ல் தொடங்கியது, சரி. ஆனால் ஏப்ரலில் நம் கரையில் காற்றே வேறு. உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே கடல்காற்று ஏறிவிடும், சில்வர் பீச்சில் நின்றால் சட்டை படபடக்கும், காலையில் தேங்கி நின்ற புகையை அது தள்ளிக்கொண்டு போய்விடும். ஊரடங்கே இல்லாத வருடத்திலும் இதெல்லாம் நடக்கும். அதனால் முந்தைய வருடங்களின் அதே ஏப்ரலோடு ஒப்பிடுங்கள்.

எல்லா மாசும் குறைந்தது என்று எழுதுவது

பல நகரங்களில் தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் கூடியது, அங்கே அதுவும் மாசுதான்.

எல்லாமே நின்றது என்று எழுதுவது

நெய்வேலியில் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ஃபேன் சுற்றியதே.