பெரிய எண்ண பகா எண்ணுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி

ராயபுரம் பின்கோடு 600013, இத பாத்தா பகா எண்ணுன்னுதான் (1ஆலயும் தன்னாலயும் மட்டுமே வகுபடுற எண்) தோணும், ஒத்தைப்படை, இலக்கத்த கூட்டுனா 10 அதனால 3ஆல வகுபடாது, 7, 11, 13, 17, 19 எல்லாம் போட்டுப் பாத்தாலும் மீதி வருது, அங்கயே பேனாவ வெச்சுட்டு பகா எண்ணுன்னு எழுதிடுறாங்க. குரூப் 4க்கு படிக்கிற பசங்க அதிகமா பண்ற தப்பு இதான். இன்னும் கொஞ்சம் போயிருந்தா 53ல மாட்டியிருக்கும், 53 × 11321 = 600013.

எதுவரைக்கும் போகணும்னா வர்க்கமூலம் வரைக்கும், இங்க அது 774 சொச்சம். ஒரு எண் ரெண்டா பிரியுதுன்னா ஒண்ணாவது 774க்குள்ள இருந்தாகணும், ரெண்டும் சேந்து தாண்டிச்சுன்னா பெருக்குத்தொகை அந்த எண்ணவிட பெருசாயிடும்ல. அதனால 773 வரைக்கும் இருக்கிற 137 பகா எண்ண மட்டும் போட்டா போதும். 4, 6, 9ன்னு எல்லாத்தயும் போட்டு டைம வீணாக்காதீங்க, 2ஆல போகாதது 4ஆல எப்படி போகும்? பெரம்பூரோட 600011 இந்த 137லயும் சிக்காது, அது நெஜமாவே பகா எண். ராயபுரத்துக்கும் அதுக்கும் ரெண்டுதான் வித்தியாசம், தோற்றத்த வெச்சு எதையும் சொல்ல முடியாது.

அடுத்தது பழைய வண்ணாரப்பேட்டை, 600021. இலக்க கூட்டல் 9, அதனால 9ஆல போகும், சரி, ஆனா அதோட விட்டுடாதீங்க. வகுத்தா வர்ற 66669ஐ திரும்ப கூட்டுங்க, 33 வருது, இன்னொரு 3 உள்ள இருக்கு. ஆக 27 × 22223. அதுக்காக கூட்டல் விதிய 27க்கு இழுக்காதீங்க, அது 3க்கும் 9க்கும்தான் செல்லும். 1899ஐ கூட்டுனா 27 வரும் ஆனா 27ஆல வகுபடாது, 600021ஐ கூட்டுனா வெறும் 9 ஆனா வகுபடுது.

22223ங்கறது 71 × 313, அப்போ முழு எண்ணும் 3³ × 71 × 313. மொத்தம் எத்தன காரணின்னு கேட்டா அடுக்க கூட்டி 5ன்னு போடுறவங்க நெறைய. 3ஐ எடுக்காம விடலாம், இல்லன்னா ஒண்ணு, ரெண்டு, மூணு எடுக்கலாம், நாலு வழி; மத்த ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு வழி; 4 × 2 × 2 = 16. 1912ல நம்ம சென்னை துறைமுகத்துல கிளார்க்கா சேந்த ராமானுஜன், இந்த காரணி எண்ணிக்கைய வெச்சுத்தான் 1915ல நீளமான கட்டுரை ஒண்ணு எழுதினாரு.

அவர் பேரோட சேந்த 1729லயும் ஒரு பொறி இருக்கு. 2ஐ 1728 தடவ பெருக்கி 1729ஆல வகுத்தா மீதி 1 வரும். 2அ தவிர எந்த பகா எண்ண எடுத்தாலும், அதவிட ஒண்ணு குறைவான தடவ 2ஐ பெருக்கி அந்த எண்ணால வகுத்தா எப்பவும் இப்படி மீதி 1தான் வரும், ஆனா வந்ததெல்லாம் பகா எண் இல்ல, 1729 = 7 × 13 × 19.

15 இலக்கத்துக்கு மேல போனா எக்செல்ல நம்பாதீங்க. 9007199254740993ன்னு அடிச்சா கடைசி 3 போயி 0 வந்துடும், அப்புறம் நீங்க என்ன வகுத்தாலும் வேற எண்ணத்தான் வகுக்குறீங்க. பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழில போடுங்க, முழு எண்ணாவே வெச்சு மீதிய % போட்டு பாத்தா அது ஒரு இலக்கத்தயும் விடாது.