சோளத்துக்கு இறைப்பை எப்போது குறைக்கக் கூடாது?

சிறுபோகத்தில் வன்னியின் மேட்டுக் காணிகளில் சோளம் போடுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, பயிர் ஆளுயரத்துக்கு வந்ததும் "இனித் தாங்கும்" என்று இறைப்பைக் குறைப்பதுதான். நானும் செய்திருக்கிறேன். செடியெல்லாம் பச்சையாகவே நின்றது. பொத்தியை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி.

மகரந்தம் காய்ந்துவிட்டது என்று பக்கத்துக் காணிக்காரர் சொன்னார். முழுக்கச் சரியில்லை. ஒரு ஆண்பூ லட்சக்கணக்கில் மகரந்தம் கொட்டும். தண்ணீர்க் குறைவு மட்டும் அதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. அதைக் கொல்வது வெக்கை. 38 பாகை செல்சியசைத் தாண்டினால் முளைக்கும் திறன் போய்விடும். ஆனால் பெரும்பாலும் காலையில் கொட்டுவதால் உச்சி வெயிலிலிருந்து கொஞ்சம் தப்பிக்கொள்ளும்.

வறட்சியில் அடிபடுவது பொத்தி நுனியில் வரும் நூல். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குரியது. அது நீளுவதற்குத் தண்ணீர் வேண்டும். ஈரம் குறைந்தால் நூல் பிந்தும். ஆண்பூவோ தன் பாட்டில் கொட்டி ஒரு கிழமையில் ஓய்ந்துவிடும். பொம்பிளை மணவறைக்கு வருமுன் மாப்பிள்ளை எழும்பிப் போன கதைதான். மெக்சிக்கோவின் சர்வதேச சோள, கோதுமை ஆய்வு மையம் வறட்சி தாங்கும் சோளத்தைத் தெரிவு செய்தபோது பார்த்த முக்கிய அடையாளங்களில் ஒன்று, ஆண்பூ கொட்டுவதற்கும் நூல் வருவதற்கும் இடையிலான இந்த நாள் இடைவெளி.

ஆகவே விதைக்குச் செடி தெரிவு செய்யும்போது பச்சையை மட்டும் பார்க்காதீர்கள். ஆண்பூ விரிந்த கையோடு நூல் தள்ளிய செடியைப் பாருங்கள். இதெல்லாம் பத்ரா, ருவன் போன்ற, கலப்பினமல்லாத திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்களுக்குத்தான். கலப்பின விதையை எடுத்து வைத்து மறுபோகம் போட்டால் செடிக்குச் செடி குணம் மாறும்.

கிணறு வற்றுகிற காலமென்றால், நூல் வருவதற்கு முன்னும் பின்னும் இரண்டு கிழமைக்கான தண்ணீரை ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான இனங்கள் ஏறக்குறைய 50 முதல் 60 நாளில் பூக்கும். விதைத்த நாளைக் கலண்டரில் குறித்தாலே போதும். நடுப்பகலில் இலை சுருண்டால் பதற வேண்டாம். விடியற்காலையிலும் சுருண்டு நின்றால் அன்றே இறைக்க வேண்டும்.

வேலியோரம் ஒற்றை வரிசையாகப் போடுவதும் பிழை, காற்று மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். படைப்புழுவுக்கு மருந்தடிப்பதென்றால், மகரந்தம் கொட்டும் காலையில் அல்ல, பின்னேரத்தில் அடியுங்கள்.

மணி பிடித்ததா என்று பார்க்க, நூல் வந்து சில நாள் கழித்து ஒரு பொத்தியைப் பிடுங்கி மடலை மெதுவாக விரித்து உதறுங்கள். கருக்கட்டிய மணியின் நூல் தானாக உதிரும். ஒட்டி நிற்கிற நூலுக்கு மகரந்தம் இன்னும் கிடைக்கவில்லை.