ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்: கிளச் சிலிண்டர்களுக்கு ரப்பர் மாற்றியது

என்ர பழைய காரில் கிளச் மிதித்தும் முதல் கியர் கறகறத்தது. கிளச்சை விலக்கித் தள்ளுகிற கீழ்ச் சிலிண்டரின் தூசி ரப்பரைத் தூக்க, ஒயில் வடிந்தது. மிதியோடு சேர்ந்த மேல் சிலிண்டருக்கும் அதே வயசுதான்; இரண்டுக்கும் சேர்த்தே மாற்றினேன்.

ரப்பர் போடமுன் உள்சுவரை நகத்தால் தடவுங்கோ. கிளச்சுக்கும் ஊற்றுகிற பிரேக் ஒயில் ஈரம் இழுக்கும்; யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் ஓடாமல் நிற்கிற காருக்குச் சுவரில் அரிப்புக் குழி விழும். நகம் தடக்கினால் புது ரப்பரும் கிழியும், சிலிண்டரையே மாற்றவேணும். பெற்றோல், மண்ணெண்ணெயால் கழுவினால் ரப்பர் ஊதிவிடும். மெதிலேற்றட் ஸ்பிரிற்தான் சரி. கிண்ண ரப்பரின் உதடு ஒயில் பக்கம் பார்க்க, டொட் 4 பிரேக் ஒயில் பூசித் தள்ளுங்கோ.

கழற்றும்போது கீழ்ச் சிலிண்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸை முறுக்கவேண்டாம்: முதலில் இரும்புக் குழாய் நட், பிறகு தாங்கி நட், கடைசியில் சிலிண்டர் முனை. திரும்பப் பூட்டும்போது செப்பு வாசர் புதிதாய்ப் போடுங்கோ.

ஒயிலுக்குள் சிக்கின காற்றை எடுக்கையில், அது வெளியேறுகிற நிப்பிள் (கீழ்ச் சிலிண்டரின் திருகு முனை) மேல்பக்கம் நிற்கவேணும். மேல் சிலிண்டரின் தள்ளுதண்டுக்குச் சுமார் 1 மிமீ தளர்வு இல்லையென்றால் ஒயில் திரும்பாது, கிளச் வழுக்கும்.