ஏர் கூலர் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. கூலர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. தொட்டியில் தண்ணீர் ஊற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரே நாளில் தானாகப் புரிந்துவிடும். போன வாரம் ஒரு புதுக்குடித்தன வீட்டில் பார்த்த காட்சி என் பழைய முட்டாள்தனத்தைக் கிளறிவிட்டது.

அறையை அடைத்துக்கொண்டு கூலர் போடுவது

சன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்து, கதவடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். "குளிர் வெளியே போய்விடுமே அண்ணா" என்றார் அந்தப் பெண். தலையணை உறை பிசுபிசுத்தது. மேசையில் இருந்த முறுக்கு நமுத்துப் போயிருந்தது.

நானும் இதையே செய்தவன்தான். முதல் கூலர் வாங்கிய புதிதில் ஒரு மணி நேரம் சுகம், பிறகு விடியும்வரை வியர்வை. பெட்டி சிறியது என்று நானே முடிவுகட்டி, வந்த விலைக்கு அதைத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி இரண்டு மடங்கு பெரியதாக ஒன்றை இறக்கினேன். அது இரண்டு மடங்கு வேகத்தில் அறையை நனைத்தது. காலையில் தீக்குச்சி பற்றாமல் அம்மா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எதிர்ச்சன்னலைத் திறந்துவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் அறை தணிந்தது. சன்னலைத் திறக்கக் காசா கேட்டார்கள்!

ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். கூலருக்கு அந்த வித்தை தெரியாது. கூலரின் பக்கங்களில் தண்ணீர் ஊறி நிற்கும் நார் அல்லது அட்டைத் தட்டிதான் பேட். அந்த ஈரமான பேட் வழியாகக் காற்று நுழையும்போது தண்ணீர் ஆவியாகிறது. அதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தே பறித்துக்கொள்கிறது. வெளியே 40 டிகிரி வெயில், 25 சதவீத ஈரப்பதம் என்றால், நல்ல பேட் 27, 28 டிகிரியில் காற்றைத் தரும். அந்தக் காற்று கூடவே ஈரத்தையும் சுமந்து வருகிறது. அது வெளியேற வழியில்லை என்றால் அதே ஈரக்காற்றைத்தான் கூலர் மறுபடி இழுக்கும். அப்புறம் பேட்டில் உள்ள தண்ணீரும் ஆவியாகாது, உங்கள் வியர்வையும் உலராது.

ஆகவே கூலரின் முதுகு திறந்த சன்னலை ஒட்டியோ, சன்னலுக்கு வெளியிலோ இருக்க வேண்டும். காற்று வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு வழி வேண்டும். அங்கே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள்: புகை வெளியே ஓடினால் சரி, தயங்கி நின்றால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகு "கொசு வருமே" என்பார்கள். வலை அடியுங்கள், ஐயா.

தொட்டி லிட்டரைப் பார்த்து வாங்குவது

லிட்டர் என்பது நீங்கள் எத்தனை முறை எழுந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதற்கான கணக்கு. பார்க்க வேண்டியது காற்றின் அளவு. 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் 1,200 கன அடி. அதில் பாதியை, 600 கன அடியை, ஒரு நிமிடத்தில் தள்ளினால் போதும். பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் ஏறத்தாழ 1,000.

சென்னையில் வாங்குவது

கடற்காற்று வீசும் நாளில் 34 டிகிரி, 70 சதவீத ஈரம் என்றால் 4 டிகிரி குறைந்தாலே பெரிது. இன்னொரு மின்விசிறி வாங்குங்கள்.

ஐஸ் போடுவது

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது பறிக்கும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கைத்தான் ஒரு கிலோ ஐஸ் உருகி எடுக்கும். மோரில் போடுங்கள்.

பழைய தண்ணீர்மேல் புதுத் தண்ணீர்

ஆவியாவது தண்ணீர் மட்டும். போர் தண்ணீரின் உப்பு தொட்டியிலேயே தங்கி, பேட்டில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது தொட்டியை முழுக்க வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை ஒட்டி வைப்பது அந்தச் சுவரில்தான்.

எர்த்

தகரப் பெட்டி என்றால் மூன்று முனை பிளக், எர்த் உள்ள சாக்கெட். தண்ணீர் ஊற்றும்போது பிளக் வெளியே.