தோற்றால் என்ன ஆகும் என்பதை முதலில் எழுதுங்கள்

சொந்தமாக டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) எழுத உட்காருகிறவர்கள் பலர் ஆயுதப் பட்டியலில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான், பதினான்கு வகைக் கத்தி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சேதக் கணக்கு. நண்பர்களை உட்காரவைத்து ஆடிப் பார்த்தால் பூட்டிய முதல் கதவிலேயே ஆட்டம் படுத்துவிட்டது: திருடன் பகடையை உருட்டினான், தோற்றான், மறுபடி உருட்டினான், தோற்றான், நான்காவது தடவை கதவு திறந்தது. இடையில் எதுவுமே மாறவில்லை, அப்புறம் எதற்கு உருட்ட வேண்டும்?

அதனால் ஒவ்வொரு விதிக்கும் தோல்வியை முதலில் எழுதுங்கள். பூட்டுக்கம்பி உள்ளேயே ஒடிந்துபோகும், இனி அந்த வழி கிடையாது. அல்லது கதவு திறக்கும், ஆனால் காவலாளி காதில் விழுந்துவிடும். இப்படி ஒரு வரிகூடத் தோன்றாத இடத்தில் பகடையே வேண்டாம், "திறந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

சரி, எந்தப் பகடை? இருபது முகப் பகடை ஒன்றை உருட்டினால் எந்த எண்ணுக்கும் 5 சதவீதம்தான், 1 வருவதும் 11 வருவதும் ஒன்றே. விபரீதம் அடிக்கடி நடக்கும் சாகசக் கதைக்கு அது பொருந்தும். சாதாரண ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால் கதை வேறு: 36 சேர்க்கைகளில் ஆறு 7-ஐத் தரும், 2-க்கும் 12-க்கும் ஒவ்வொன்றுதான். நம் தாயக்கட்டையும் இதே குணம்தான், இரண்டு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று வைத்து எண்ணிப் பாருங்கள், 16-இல் நான்கு தடவை மூன்று விழும், இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டாவது ஒரே ஒரு தடவை. அரிதாக விழுவதால்தான் அதற்கு அவ்வளவு கூச்சல்.

2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆர்பிஜி இந்த இரட்டைப் பகடையை மூன்றாகப் பிரித்தது: 10-ஓ அதற்கு மேலோ வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வாங்கும் வெற்றி, 6-ஓ அதற்குக் கீழோ வந்தால் சிக்கல். கூட்டல் (திறமைக்காக உருட்டிய எண்ணோடு சேர்த்துக்கொள்ளும் +1, +2 போன்றவை) எதுவும் இல்லாத கேரக்டருக்கு முழு வெற்றி 36-இல் 6, நடுப்பகுதி 15, சிக்கல் 15. கதையை ஓட்டுவது அந்த நடுப்பகுதிதான், ஏனென்றால் கேட்டது கிடைத்துவிடுகிறது, கூடவே ஒரு தலைவலியும் வந்து சேருகிறது. ஆனால் கூட்டலைத் தாராளமாக அள்ளிக் கொடுக்காதீர்கள். +3 வந்ததுமே சிக்கல் 36-இல் 3 ஆகச் சுருங்கிவிடும், +4 கொடுத்தால் 1, அதற்குப் பிறகு அந்த ஆளுக்குப் பயமே இருக்காது.

இருபது முகப் பகடையில் சாதகமான நிலைக்கு இரண்டு உருட்டிப் பெரியதை எடுப்பது டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆர்பிஜியின் 2014 பதிப்பில் உள்ள வழி. 11-ஓ அதற்கு மேலோ தேவை என்றால் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 ஆகும், 20-தான் தேவை என்றால் 5-லிருந்து 9.75 மட்டுமே. கூட்டல் கழித்தல் கணக்கு ஒன்றும் இல்லை, கையில் இரண்டு பகடை கிடைத்ததுமே ஆடுகிறவர் முகம் மலர்ந்துவிடும்.

விதிகள் ஒரு தாளில் அடங்கியதும் அதை வேறொருவரிடம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள் (இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்). அவர் தாளைத் தேடி ஆட்டத்தை நிறுத்தும் இடத்தை எல்லாம் குறித்துக்கொண்டு, அன்றிரவே திருத்துங்கள். என் பதினான்கு கத்தியும் அப்படித்தான் இரண்டானது, சின்னது ஒன்று, பெரியது ஒன்று.