நகர்மன்றத் தேர்தலில் நிற்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

நான் முதன்முதலில் தேர்தலில் நின்றபோது துண்டறிக்கையோடு தொடங்கினேன். அது தவறு. வேட்புமனு தாக்கலுக்குப் பல மாதங்கள் முன்பே, வார்டு வரைபடமும் நோட்டும் கையுமாகத் தெருத்தெருவாக நடங்கள். கதவு திறந்ததும் வாக்குக் கேட்காதீர்கள், "இந்தத் தெருவில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே, அவர்கள் கண்முன்னே எழுதுங்கள். மாலையிலும் விடுமுறை நாளிலும் போங்கள். பகலில் மட்டும் போனால் வேலைக்குச் செல்பவர்களின் குரல் உங்களை எட்டவே எட்டாது.

வயது, முன்மொழிபவர், செலவுக் கணக்கு பற்றிய விதிகளைத் தேர்தல் அலுவலரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வென்ற பிறகுதான் உண்மையான வேலை. முடிவெடுத்துவிட்டுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது மக்களை அவமதிப்பது. இதில் எனக்குச் சமரசமே இல்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில், நகரின் முதலீட்டு நிதியில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பவர்களே கூடிப் பேசி முன்னுரிமை வகுத்தார்கள். நீங்கள் சிறிதாகத் தொடங்கலாம்: ஒரு பூங்கா, ஒரு வடிகால். மதிப்பீட்டுத் தொகையைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு அவர்களைப் பேசவிடுங்கள். ஒரு கோரிக்கையை ஏற்க முடியாவிட்டால், ஏன் முடியாது என்பதைக் கேட்டவரின் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள்.